ஞாயிறு வாசிப்பு: கரோலின் லெவின்

நண்பர்களே, இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு 'தி ஆக்டிவிஸ்ட் ஹியூமனிஸ்ட்' (2023) பற்றிப் பேசுகிறோம். எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக இலக்கியப் பேராசிரியர் கரோலின் லெவின். கவிதைக்கு மட்டுமல்ல, சமூக ஏற்பாடுகளுக்கும் வடிவம் உண்டு என்று 2015இல் 'ஃபார்ம்ஸ்' நூலில் சொன்னவர்.

இருக்கும் வடிவங்களைக் கட்டுடைப்பதையே கொண்டாடிப் பழகிய இலக்கியத் துறைக்கு, காலநிலை நெருக்கடியில் தாங்கிப் பிடிக்கும் வடிவங்களும் வேண்டும் என்கிறார் இதில்: அன்றாட வழக்கங்கள், பாதைகள், அடைப்புகள் (வீடு போலச் சூழ்ந்து காக்கும் இடங்கள்). குழாயில் தினமும் தண்ணீர் வருவதும் வடிவம்தானே! வெறும் பேச்சில்லை, பல்கலைக்கழக முதலீட்டை நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களிலிருந்து விலக்கக் கோரிய இயக்கத்திலும் இருந்தவர்.

நேரமில்லாதவர்கள், களத்தில் இறங்குவோருக்காகக் கடைசியில் தந்திருக்கும் பயிற்சிப் பகுதியையாவது புரட்டிவிட்டு வாருங்கள். 'அடைப்பு' பற்றி எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.