ஐந்து மணி அலாரமும் ஆடு புலியும்

கிருஷ்ணகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. போனில் இதை ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் முழுதாகப் படித்துத்தான் ஆக வேண்டும். அக்கா படம் பிடித்து அனுப்புவாள். கையெழுத்து புரியாத இடத்தில் அவளையே கேட்டுக்கொள்.

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். காலை ஐந்து மணிக்கு அலாரம், பச்சைத் தண்ணீரில் குளியல், தியானம், பத்துப் பக்கம் புத்தகம், டைரி, ஆபீஸ் விட்டு வந்ததும் ஆன்லைன் கோர்ஸ். கோட்டுப் போட்ட யாரோ ஒருவர் வீடியோவில் சொன்னாராம். எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு மையில் "பாட்டு, படம், விளையாட்டு கிடையாது" என்று எழுதி இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறாய். அந்த வரிதான் என்னை உறுத்தியது.

அட்டவணை நிலைக்கவில்லை என்று அக்காவிடம் அழாத குறையாகச் சொன்னாயாமே. பகலெல்லாம் கட்டுப்பாடு, ராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸ், அப்புறம் உன்னையே நீ திட்டிக்கொள்வது. இந்த மூன்றில் திட்டு மட்டும்தான் ஒழுங்காக நடக்கிறது போலிருக்கிறது.

பாட்டு கேட்டு யாரும் கெட்டுப்போனதில்லை, கண்ணு. எப்போது நிற்கும் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் தொல்லை. என் கதையைக் கேள். எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை எல்லாம் பொழுதுபோக்கோடு ஒட்டிக்கொண்டு கொல்லைப்புற வழியாக வந்தவைதான்.

பழையபேட்டையில் நாங்கள் இருந்த தெருவில் மாசி, பங்குனி வந்தால் வீட்டுக்கு வீடு புளிதான். மண்டியிலிருந்து மூட்டையை இறக்கிவிட்டுப் போவார்கள். ஓடு தட்டி, நார் எடுத்து, கொட்டை நீக்கிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. உன் ஆயா, பெரியம்மா, நான், பக்கத்து வீட்டு உருது பேசும் அக்கா, எல்லோரும் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். சன்னலில் தாத்தாவின் பிலிப்ஸ் ரேடியோ. அதற்கு அப்போது லைசென்ஸ் உண்டு, தெரியுமா? வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டிச் சின்னப் புத்தகத்தில் பதிந்து வாங்கி வர வேண்டும். பாட்டுக் கேட்கச் சர்க்காருக்குக் காசு கட்டியவர்கள் நாங்கள். அதனால் ஒரு பாட்டையும் விட மாட்டோம்.

இலங்கை வானொலிதான் எங்களுக்கு எல்லாம். அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா பேசினால் மூச்சு விடாமல் ஓடுகிற மாதிரி இருக்கும். பி. எச். அப்துல் ஹமீத் ஒவ்வொரு எழுத்தையும் அளந்து வைப்பார். அவர் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியை நீயும் சின்ன வயதில் டிவியில் பார்த்திருக்கிறாய். ஒரு எழுத்தைச் சொல்வார், அதில் தொடங்கும் பாட்டை உடனே பாட வேண்டும். ரேடியோவில் அது முடிந்ததும் எங்கள் திண்ணையில் ஆரம்பமாகும். பாட்டு வராதவர்கள் அடுத்தவர் பங்கில் ஒரு முறம் புளி சேர்த்துத் தட்ட வேண்டும். 'ஔ' என்று யாராவது கேட்டுவிட்டால் எல்லோரும் கையிலிருக்கும் புளியைப் பார்ப்போம். பெரியம்மாவுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு பாட்டு வந்துவிடும். பாதி அவளே கட்டியதோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

படிப்பில் நான் சுமார்தான். ஆனால் ஒரு எழுத்தைச் சொன்னால் அதன் பின்னால் நூறு வரி வந்து நிற்கிற பழக்கம் அந்தத் திண்ணையில் வந்தது. பிற்பாடு பத்திர எழுத்தர் கடையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது, கிரயம், செட்டில்மென்ட், குத்தகை என்று எந்தப் பத்திரமானாலும் முதல் வரி சொன்னால் போதும், மீதி வாசகம் தானாக வரும். செக்குபந்தியில், அதாவது நிலத்தின் நான்கு எல்லையைச் சொல்லும் இடத்தில், மட்டும் ஊரும் பேரும் கேட்டு நிரப்பிக்கொள்வேன். எங்கே பழகினாய் என்று கேட்டவர்களிடம் புளி தட்டும்போது என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

டைப்ரைட்டிங் கிளாஸுக்கு நான் போன காரணம் இன்னும் மட்டம். தோழிகள் சேர்ந்தார்கள், நானும் சேர்ந்தேன். கிளாஸுக்குக் கீழே ஒரு டீக்கடை. அங்கே புது டேப் ரிக்கார்டர் வாங்கி வைத்திருந்தார்கள், நாள் முழுக்க இளையராஜாதான். மேலே நாங்கள் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே' என்று பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டிருப்போம். அதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது. இடது கை சுண்டு விரலுக்கு 'ஏ'யை அழுத்தப் பலமே இருக்காது, எழுத்து பாதிதான் விழும். சாவியைப் பார்க்கக் கூடாது, தாளம் பிசகக் கூடாது என்பார் மாஸ்டர். தாளத்துக்குத்தான் கீழே ஆள் இருக்கிறாரே! லோயர், ஹையர் என்று டைப்ரைட்டிங்கில் இரண்டு பரீட்சை. மெதுவான பாட்டு வந்தால் லோயர் வேகம், டப்பாங்குத்து வந்தால் ஹையர் வேகம். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. இரண்டும் தேறினேன். பரீட்சை ஹாலில் பாட்டு இல்லாததால் மனசுக்குள்ளேயே பாடிக்கொண்டு அடித்தேன். நீ காலேஜ் சேர்ந்தபோது முதல் வருஷப் பணத்தில் பெரும்பங்கு அந்த விரல்கள் சம்பாதித்ததுதான். உன் அட்டவணைப்படி பார்த்தால் நான் அந்தக் கிளாஸுக்கே போயிருக்கக் கூடாது.

தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு போடும் 'ஒலியும் ஒளியும்' கதையை ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். தெருவில் ஒரே வீட்டில் டிவி. ஒரு பையன் மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துத் திருப்ப, கீழே இருந்து "வருது, போச்சு, வருது" என்று கத்துவோம். காற்று திரும்பினால் பெங்களூர்க் கன்னடம் எட்டிப் பார்க்கும். இடம் பிடிக்க முன்கூட்டியே போய் உட்கார்ந்தால் 'வயலும் வாழ்வும்' என்ற விவசாய நிகழ்ச்சியை முழுதும் பார்த்தாக வேண்டும். நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு வந்தால் விளக்குப் பொறி வைக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். நமக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது!

அந்த அரை மணி நேரம் முடிந்ததும் டிவியை அணைத்துவிடுவார்கள். அவ்வளவுதான். எழுந்து வர மனசே இருக்காது, ஆனாலும் வந்துதான் ஆக வேண்டும். அடுத்த வெள்ளி வரை கேட்ட பாட்டை வாயில் வைத்துக்கொண்டு திரிவோம். 1993-ல் சன் டிவி வந்தது, அப்புறம் கேபிள் வீட்டுக்கு வீடு வந்தது, எப்போது போட்டாலும் பாட்டு ஓடியது. உட்கார்ந்து கேட்பது குறைந்து, பின்னால் ஓடட்டும் என்று விட்டுவிட்டோம். உன் போனில் ஓட்டம் நிற்பதே இல்லை. அணைக்க வேண்டிய வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள். அதுவும் ராத்திரி ஒரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில். யாரால் முடியும்? அதற்காக உன்னை நீ திட்டிக்கொள்வது அநியாயம்.

பழைய காலமே பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. பாதி நேரம் கரண்ட் இருக்காது, கேசட் டேப் சிக்கிக்கொள்ளும், பிடித்த பாட்டு வர மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது நினைத்தவுடன் கிடைக்கிறது, எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது.

நீயும் விளையாட்டில் கற்றவன்தான். மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு ஞாபகம் இருக்கிறதா? அண்டர்டேக்கர் என்ன உயரம், எத்தனை பவுண்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாய், பதினாறாம் வாய்ப்பாடு கேட்டால் தண்ணீர் குடிக்கப் போவாய். எந்தக் கார்டில் எதைக் கேட்டால் எதிராளி தோற்பான் என்று நீ போடுகிற கணக்கைப் பார்த்து அப்பா, "இவன் பிழைத்துக்கொள்வான்" என்றார். உன் தாத்தா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஊரில் பாரதக் கூத்து நடந்தால் கடைசி நாள் துரியோதனன் படுகளம் வரை ஒரு ராத்திரி விட மாட்டார். கர்ணனுடைய பாட்டை அவர் பாடினால் தமிழ் வாத்தியாரே நின்று கேட்பார்.

சரி, என்ன செய்யலாம்? நான் செய்வதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். எனக்கும் ரீல்ஸ் பார்க்கப் பிடிக்கும். சமையல், நாய்க்குட்டி, பழைய பாட்டுக்கு ஆடும் பாட்டிகள். ஆனால் கையில் வேலை இருக்கும்போது மட்டும்தான் போடுவேன். அவரைக்காய் காலத்தில் கொட்டை உரிப்பேன், மற்ற நாளில் சின்ன வெங்காயம். போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு உரிப்பேன். பாத்திரம் நிறைந்ததும் அணைத்துவிடுவேன். கை ஈரமாக இருப்பதால் தள்ளித் தள்ளிப் பார்க்கவும் முடியாது, ஒன்றையே முழுதாகப் பார்க்க வேண்டியிருக்கும். உனக்கு வெங்காயம் வேண்டாம் என்றால் சட்டைக்கு இஸ்திரி போடு. ஒரு தடவைக்கு ஐந்து சட்டை, ஐந்தாவது முடிந்ததும் போனும் முடிந்தது. ஆபீசுக்கு மடிப்புக் கலையாமலும் போகலாம்.

அந்தக் கோர்ஸையும் ஒற்றையாளாகப் படிக்காதே. உன் அறையில் இருக்கும் அந்தத் தெலுங்குப் பையனும் அதைத்தானே படிக்கிறான்? இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேளுங்கள், தோற்றவன் டீ போடட்டும். கூடவே அவனிடம் தெலுங்கில் நாலு வார்த்தை பிடித்துக்கொள். நம் ஊர்ச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் பேசிய ஆயாவின் பேரன் நீ. அலாரத்தை ஆறரைக்கு மாற்று. டைரி எழுதப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

அப்புறம் ஒரு வேலை தருகிறேன். ஆடு புலி ஆட்டம். இப்போது சாயங்காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு திண்ணையில் இதுதான் ஓடுகிறது. மூன்று புலி, 15 ஆடு, 23 முனை. காகிதத்தில் வரைந்துகொள். உச்சியில் ஒரு முனை. அதிலிருந்து நான்கு கோடு கீழே விரிந்து இறங்கும். அவற்றைக் குறுக்கே மூன்று கோடு வெட்டும். குறுக்குக் கோடுகளின் இடது நுனிகளைச் சேர்த்து ஒரு கோடு, வலது நுனிகளைச் சேர்த்து ஒரு கோடு. ஆக ஒவ்வொரு வரிசையிலும் ஆறு முனை. அடியில் அந்த நான்கு கோடுகளின் நுனிகளைச் சேர்த்தால் நான்கு முனை. உச்சிக்கு 1, பிறகு இடமிருந்து வலமாக 2 முதல் 7, 8 முதல் 13, 14 முதல் 19, அடியில் 20 முதல் 23 என்று எண் போடு.

நான் புலி. நீ ஒரு ஆடு வைத்ததும் நான் ஒரு புலியை நகர்த்துவேன். 15 ஆடும் இறங்கும் வரை வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. அதற்குள் அவசரப்பட்டு நடுவில் கொண்டுபோய் வைக்கத்தான் உனக்குக் கை துறுதுறுக்கும். புலிக்குப் பக்கத்தில் ஆடு இருந்து, அதே கோட்டில் அடுத்த முனை காலியாக இருந்தால் தாண்டி வெட்டுவேன். ஐந்து ஆடு போனால் எனக்கு ஜெயம், மூன்று புலியும் நகர முடியாமல் மாட்டினால் உனக்கு. அம்மா என்பதால் ஒன்று மட்டும் சொல்லித் தருகிறேன். மூலையில் இருக்கும் ஆட்டைப் புலி தாண்ட முடியாது. எவை மூலை என்று நீயே கண்டுபிடி.

புலிகளை 1, 4, 5-ல் வைத்துவிட்டேன். முதல் ஆடு எங்கே என்று வாட்ஸ்அப்பில் எண்ணை மட்டும் அனுப்பு. ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம்தான், அதற்கு மேல் அனுப்பினாலும் நான் பதில் போட மாட்டேன். அப்பாவிடம் போன் செய்து யோசனை கேட்கக் கூடாது. அவர் இப்போதே உன் பக்கம் சேர்ந்துகொண்டார். நான் பலகையை வரைந்து வைத்த காலண்டர் அட்டையைக் காணோம், தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா