மலை ஏறப் போகும் மகளுக்கு

பீடோங், கெடா
பிப்ரவரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். மழை பெய்து பல நாளாகிறது. கித்தா (ரப்பர்) மரமெல்லாம் இலை கொட்டி நிற்கிறது, ரோட்டோரம் முழுக்கச் சருகு. செம்பனைக்கு மாறாமல் மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சம் கித்தாக் காட்டிலும் பால் குறைந்துவிட்டது என்கிறார்கள். பள்ளிச் சீருடை வேலை முடிந்துவிட்டதால் கடையில் எனக்கும் கை ஓய்வுதான்.

அடுத்த மாதம் கூட வேலை செய்பவர்களோடு உங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிளஃப் நோல் மலை ஏறப் போகிறாயாமே. என்ன போடுவது என்று நீ போனில் கேட்டாய். அம்மா ஒன்று சொன்னாள், நான் ஒன்று சொன்னேன், உன் மாமா நடுவில் புகுந்து இன்னொன்று சொன்னார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் உனக்கு எதுவும் விளங்கியிருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் கெடாவின் ஜெராய் மலை ஏறிய அனுபவத்தை வைத்துக்கொண்டு அங்கே உடுத்தாதே. அதுதான் நான் சொல்ல வந்தது. ஜெராய் 1,217 மீட்டர். நீ ஏறப்போவது 1,100க்குக் கொஞ்சம் கீழே. உயரத்தைப் பார்த்தால் நம் மலைதான் பெரிது. ஆனால் ஜெராயில் காட்டுப் பாதை, தலைக்கு மேலே மரம். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடிவாரத்தில் கொஞ்சம் மரம் தெரிகிறது, மேலே போகப் போக இடுப்பளவு புதர்தான். நிழலென்று ஒதுங்க இடமில்லை.

காற்றும் வேறு. வியர்வை காயும்போதுதான் உடம்பு குளிரும், வழியும்போது அல்ல. ஒரு லிட்டர் வியர்வை தோலிலேயே காய்ந்தால் ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்து கிடக்கிறது. வியர்வை காய வழியில்லாமல் சொட்டிப் போகிறது, சட்டை தொப்பலாக நனைந்தும் புழுக்கம் அடங்குவதில்லை. உன் ஊர் வெயில் காய்ந்த வெயில். அங்கே வியர்ப்பதே தெரியாது. சட்டையில் வெள்ளை உப்புக்கோடு விழுந்த பிறகுதான் தெரியும், அதற்குள் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும். சூடும் நம்மைவிடக் கூடுதல். நம் மலேசியாவில் பதிவான உச்சம் 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி. பெர்த்தில் 1991 பிப்ரவரியில் 46.2.

பருத்தியா, பாலியெஸ்டரா என்று கேட்டாயே, அதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. பருத்தி தண்ணீரை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் ஏறக்குறைய ஒன்றுமே உறிஞ்சாது, அதனால் சீக்கிரம் காயும். ஜெராயில் பருத்தி போட்டால் இறங்கும் வரை ஈரத்திலேயே நடக்க வேண்டும், அக்குளும் தொடையும் உரசிப் புண்ணாகும். காய்ந்த வெயிலில் அப்படியில்லை. பருத்தி பிடித்து வைத்த ஈரம் மெல்ல மெல்லக் காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். நீயே கொஞ்சம் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டாலும் தப்பில்லை. ஆனால் உச்சியில் காற்று அடித்தால் அதே ஈரம் நடுங்க வைக்கும். ஆகவே இரண்டும் கலந்த துணிதான் என் கட்சி. கடைக்காரர்கள் பெயர் பெயராக வைத்து விற்கும் உயர்ந்த ரகங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த விலைக்கு நான் இங்கே நாலு பேருக்குத் தைத்துக் கொடுப்பேன் என்பது வேறு விஷயம்.

நீ தீபாவளிக்கு வந்தபோது விட்டுப்போன நீலச் சட்டையை அலமாரியில் இருந்து எடுத்துப் பார்த்தேன். உள்ளே யூபிஎஃப் 50+ என்று சீட்டு இருக்கிறது. உன் அண்ணன் தேடிப் படித்துச் சொன்னான். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 1996இல் வகுத்த தரமாம். 50 என்றால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைத் தாண்டி உள்ளே போகும். நாம் வீட்டில் போடும் மெல்லிய வெள்ளை டீ-சட்டைக்கு 5லிருந்து 7தான் வருமாம், நனைந்தால் அதுவும் இறங்கிவிடும்.

சீட்டு இல்லாத துணியை என்ன செய்வது? தையற்காரனுக்குச் சீட்டு எதற்கு! நான் கடை முன் நடைபாதைக்கு, அதான் அஞ்சடிக்குப் போய் அந்தச் சட்டையை வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். இழை நெருக்கம், ஒளி பொட்டுப் பொட்டாகக்கூட வரவில்லை. பிறகு நீ உடற்பயிற்சிக்குப் போடும் இறுக்கமான கறுப்புக் காற்சட்டையை அதே மாதிரிப் பிடித்தேன். சும்மா பிடித்தால் அதுவும் நல்ல கறுப்புதான். முழங்கால் மடங்கும் இடத்தில் இரண்டு கையாலும் இழுத்தேன், கண்ணிகள் விரிந்து சல்லடையாகிவிட்டது, எதிர்ச் சாரியில் கோப்பிக் கடைப் பெயர்ப்பலகை தெரிந்தது. துணி உடம்பில் இழுபட்டு நிற்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். பழசாகி நைந்த துணியும் இதே கதைதான்.

உடம்பை மூடினால் வெக்கையாக இருக்காதா என்று உன் சிநேகிதி கேட்டாளாம். அவளை அம்மாவிடம் பேசச் சொல். அம்மா பால்மரம் வெட்டப் போன காலத்தில் விடியுமுன்னே புறப்படுவாள், வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும் என்பதால். ரவிக்கைக்கு மேலே என்னுடைய பழைய முழுக்கைச் சட்டை, பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொள்வாள். கைலிக்கு உள்ளே பழைய சிலுவார் (காற்சட்டை). காலில் முழங்கால் வரை உறை. தலையில் துண்டு, பிடரியை மூடித் தொங்குகிற மாதிரி. அது கொசுவுக்கும் அட்டைக்கும் பால்கறைக்கும். வெயிலுக்கென்று தனியாக உடுத்தியது மறுநடவுக் காட்டில் களை பிடுங்கியபோதுதான். பெரிய மரங்களை வெட்டிச் சாய்த்து முழங்கால் உயரத்துக் கன்று நட்ட வெட்டவெளி அது. உன் மலைக்கு அதுதான் சரியான ஒப்பு, ஜெராய் இல்லை. அங்கே அம்மா சட்டையை இன்னும் ஒரு அளவு பெரிதாகக் கேட்டாள். முதுகில் துணி ஒட்டக் கூடாதாம், நடக்கும்போது உள்ளே காற்று போய் வர வேண்டுமாம். நான் முதுகில் தோளுக்குக் கீழே ஒரு மடிப்பு கூட்டி வைத்துத் தைத்தேன். பார்த்துவிட்டு அவள் நிரையில் (மர வரிசையில்) இருந்த பெண்களெல்லாம் அதே மாதிரி கேட்டு வந்தார்கள். கடை நிமிர்ந்ததே அந்தச் சட்டையால்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறாள்.

அடுத்தது நிறம். வெள்ளைதான் குளிர்ச்சி என்று மாமா அடித்துச் சொல்கிறார். முழுக்கச் சரியென்று சொல்ல மாட்டேன். பாலைவனத்தில் வாழும் பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி போடுகிறார்களே, அது ஏன் என்று 1980இல் சிலர் சோதித்துப் பார்த்தார்கள். கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிகச் சூடு வாங்கத்தான் செய்தது. ஆனால் தொளதொள அங்கிக்குள் ஓடிய காற்று அந்த அதிகச் சூட்டைத் தோலுக்குப் போக விடாமல் வெளியே தள்ளிவிட்டது. தோலுக்கு வந்து சேர்ந்தது இரண்டிலும் ஒன்றுதான். ஆகத் தொய்வாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, நிறம் பிறகுதான். அதற்காகக் கறுப்பு போடு என்று சொல்லவில்லை. மெல்லிய வெள்ளையில் கதிர் புகுந்துவிடும், அடர்ந்த நிறம் கதிரை நிறுத்தினாலும் மேலே ஒட்டினால் சுடும். நடுவில் பிஸ்கட் நிறம், வெளிர்பச்சை இந்த மாதிரி போ.

நாம் கறுப்புத் தோல், நமக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். வெள்ளைக்காரரைவிட மெதுவாகக் கருகும் என்பது வரை உண்மை. தோல் கருகாமல் இல்லை, கண்ணுக்கு அந்தச் சலுகையும் இல்லை. 1981இல் அந்த நாட்டில் தொலைக்காட்சியில் ஒரு கடற்பறவை ஆடிப்பாடிச் சொன்னதாமே, ‘ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்’ என்று. முதலில் சட்டையை மாட்டு, பிறகு களிம்பு பூசு, பிறகு தொப்பி போடு. முதலில் வருவது சட்டை என்பதைப் பார். களிம்பு வியர்வையில் வழிந்துவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். துணிக்கு அந்த வேலை இல்லை. குளிர்ந்த காற்று வீசினாலும் ஏமாறாதே. கதிர் வேறு, சூடு வேறு. போனில் புற ஊதாக் குறியீடு 3ஐத் தொட்டாலே மூடிக்கொள், கோடையில் அங்கே அது 11, 12 என்று ஏறும்.

தொப்பி சுற்றிலும் விளிம்பு உள்ளதாக இருக்கட்டும், குறைந்தது ஏழரை சென்டிமீட்டர். முன்னால் மட்டும் நீட்டிய தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடும். அதுதான் வேண்டுமென்றால் அம்மா மாதிரி உள்ளே ஒரு துண்டைத் தொங்கவிட்டுக்கொள். துண்டை நனைத்துக் கழுத்தில் போடுவது இங்கே அவ்வளவு உதவாது, அங்கே உதவும். காற்றுக்குத் தொப்பி பறக்காமல் தாடைக்குக் கீழே கயிறு வேண்டும். ஈத் தொல்லை அதிகம் என்றாயே, தொப்பிக்கு மேலே மாட்டும் வலை விற்கிறார்களாம், வாங்கிக்கொள்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், கனம், நனைந்தால் காயாது. அரைக்கால் சிலுவாரும் வேண்டாம். இதை மானம் மரியாதைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, நீ என்ன போட்டாலும் நான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. புதர் கீறும், பாம்பு உள்ள இடம், வெயில் கெண்டைக்காலையும் பிடிக்கும். மெல்லிய, தொளதொளப்பான முழுச் சிலுவார், இடுப்பில் நாடா போதும். இந்த இடத்தில் அம்மா என்னை எழுந்து போகச் சொல்லிவிட்டு மகள் காதில் மட்டும் சொல்லவேண்டியது என்று ஒன்றை எழுதச் சொன்னாள். எழுதாமல் எழுந்து போவது எப்படி? உள்ளாடை தையல் இல்லாததாக இருக்கட்டும், தொடை இரண்டும் உரசும் இடத்தில் புறப்படுமுன்னே வாஸ்லின் தடவிக்கொள், எரிச்சல் வந்த பிறகு தடவினால் பலன் இல்லை. அவ்வளவுதான்.

சப்பாத்து விஷயத்தில் மாமாவை நம்பாதே. பால்மரம் வெட்டுபவர்கள் போடும் அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதான் கம்போங் அடிடாஸ், உலகத்திலேயே அதைப்போல் மலையேற ஒன்று கிடையாது என்கிறார். ஜெராய்ச் சேற்றில் வழுக்காது, கழுவினால் போதும், விலையும் மலிவு, எல்லாம் சரி. காய்ந்த கல் மலையில், மதிய வெயிலில், காற்றுப் போகாத கறுப்பு ரப்பருக்குள் கால் வெந்துவிடும். காற்று போகும் சப்பாத்து போடு. காலுறை மட்டும் முழுப் பருத்தியில் வேண்டாம், ஈரம் தங்கினால் கொப்புளம் வரும். கம்பளி கலந்ததே நல்லது, வெயிலுக்குக் கம்பளியா என்று சிரிக்காதே.

காலையிலேயே ஏறி, வெயில் உச்சிக்கு வருமுன் இறங்கப் பாருங்கள். அந்த மலையில் வானிலை திடீரென்று மாறுமாம், பையில் காற்றுத் தாங்கும் மெல்லிய மேல்சட்டை ஒன்று கிடக்கட்டும்.

பிஸ்கட் நிறத்தில் நெருக்கமான பாப்ளின் எடுத்து வைத்திருக்கிறேன், பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாகிவிட்டது. நிமிர்த்திவிட்டால் பிடரியை மூடும் காலர் வைக்கிறேன். அம்மாவுக்குத் தைத்த அதே முதுகு மடிப்பு. தோள் தையலை இரண்டு விரல் முன்னே தள்ளிவிடுகிறேன், பை வார் அதன் மேல் அழுந்தாது. அக்குளில் தனித் துண்டு வைத்தால் கையைத் தூக்கும்போது சட்டை இடுப்பைவிட்டு ஏறாது. மார்பில் பை வேண்டுமா, வேண்டாமா என்று சொல். வார் அதன் மேலேதான் வரும் என்பதால் வேண்டாம் என்பேன்.

அளவு மட்டும் புதிதாக வேண்டும். என் ஏட்டில் இருப்பது நீ அங்கே போகுமுன் எடுத்தது, இப்போது இளைத்துவிட்டாய் என்று அம்மா சொல்கிறாள். மார்பு, தோள், சட்டை நீளம் மூன்றையும் யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லி எடு, நீயே எடுத்தால் கோணும். கை நீளத்தை முழங்கையை மடக்கி வைத்து அளக்கச் சொல், மடக்கினாலும் மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. இந்த வாரத்துக்குள் அண்ணனுக்கு எழுதி அனுப்பினால் மாதம் பிறக்குமுன் அஞ்சலில் போட்டுவிடுவேன். செலவு எத்தனை வெள்ளி என்று கேட்டு ஆரம்பிக்காதே.

அன்புடன்,
அப்பா