தலித் ஊராட்சித் தலைவர்களுக்குப் பாதுகாப்பு கேட்டு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மதுரை.

பொருள்: ஊராட்சித் தேர்தலுக்கு முன்பே பாதுகாப்பு ஏற்பாடு செய்யக் கோருவது.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், எரிக்கப்பட்ட வீடுகளுக்கு நிவாரணம் கேட்க ஆட்சியர் அலுவலகம் வந்துவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்பும்போதுதான் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பதவியில் நின்று ஜெயித்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் 1996 தொடங்கி பத்து வருஷம் ஒரு தலித் தலைவரை உட்கார விடவில்லை. 2006இல் நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசி முறையாகத் தேர்தலை நடத்தியது. அப்போது முடிந்தது இப்போதும் முடியும் என்றுதான் உங்களிடம் வருகிறோம்.

இன்றைக்கு மிரட்டல் அரிவாளோடு மட்டும் வருவதில்லை ஐயா. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும், அவர் போடாமல் இழுத்தடித்தால் தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் ரிப்பேர் எல்லாம் நின்றுபோய் கடைசியில் ஊரே தலைவரைத்தான் திட்டும், பலர் இதிலேயே ஓய்ந்துபோகிறார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படத்தை எல்லோரும் பார்த்தோம். அதே வருஷம் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைச் சுதந்திர தினத்தில் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு ஆட்சியரே தலையிட்டு அவரைக் கொடியேற்ற வைத்தார். செய்தி ஆகாத ஊர்களில் யார் போய் நிற்பது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி, தலித் தலைவரை வேலை செய்யவிடாமல் தடுப்பது குற்றம், வேட்புமனு போடவிடாமல் தடுப்பதும் குற்றம். ஆனால் புகார் கொடுக்கப் போனால் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. வேட்புமனு தொடங்கும் நாளிலிருந்தே, தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சிகளுக்கு ஒரு டிஎஸ்பியைப் பொறுப்பாக்கி, அவருடைய நம்பரை ஒவ்வொரு வேட்பாளர் கையிலும் கொடுங்கள். புகார் வந்த அன்றே வழக்குப் பதிய உத்தரவிடுங்கள். துணைத்தலைவர் காரணம் எழுதித் தராமல் கையெழுத்தை நிறுத்தினால் 15 நாளுக்குள் நீங்களே தலையிட்டுப் பணத்தை விடுவிக்க வழி செய்யுங்கள். அப்புறம், ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டு நாளும் இந்த ஊர்களில் ஒரு வருவாய்த்துறை அதிகாரி நேரில் இருக்க வேண்டும்.

எடுத்த நடவடிக்கையை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேலூர், உசிலம்பட்டி வட்டார ஊராட்சிப் பொதுமக்கள்