அகக்கண் வேண்டாம், கட்டைவிரலைப் பற்றி எழுதுங்கள்

உலக இசை குறித்துத் தமிழில் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் படிக்கப் படிக்கக் கேட்பதுதான் என் வாசிப்பு. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ப்ளூஸ் என்று ஓர் இசை இருப்பதே உங்கள் எழுத்தால்தான் எனக்குத் தெரியவந்தது. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

மற்ற கலைஞர்களைப் பற்றி எழுதும்போது விரலோட்டம், சுருதி, ஒப்பந்தம், இசைத்தட்டு விற்பனை என்று எல்லாம் சொல்கிறீர்கள். பார்வையற்ற கலைஞர் வந்ததும் நடை மாறிவிடுகிறது. 'ஊனக்கண் இல்லாவிட்டால் என்ன, அகக்கண் திறந்திருந்தது' என்று ஒரு வரி, பிறகு வறுமை, பிறகு சாவு. பார்வையற்ற ப்ளூஸ் கலைஞர் பிளைண்ட் வில்லி மெக்டெல்லை இந்த வாய்ப்பாட்டில் எழுதினால் அதில் மெக்டெல் எங்கே இருப்பார்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தாம்சன் என்ற சிற்றூர்ப் பக்கம் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1898 என்பார்கள், 1903 என்றும் சொல்வார்கள். ஸ்டேட்ஸ்பரோவில் வளர்ந்தார். கிதாரைக் கையில் கொடுத்துப் பழக்கியது அம்மா. மேக்கன் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் படித்தார். பிரெய்லியில் இசைக்குறியீடு படிக்கவும் எழுதவும் தெரிந்தவர். இந்த ஒரு செய்தியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பார்வையுள்ளவர் குறியீட்டைக் கண்ணால் பார்த்தபடியே வாசித்துவிடலாம். பிரெய்லியில் படிக்கும் விரல்தான் கிதாரையும் வாசிக்க வேண்டும். அதனால் கொஞ்சம் தடவிப் படித்து, மனப்பாடம் செய்து, பிறகு கிதாரை எடுக்க வேண்டும். மறந்தால் கிதாரை வைத்துவிட்டு மறுபடியும் தாளுக்குப் போக வேண்டும். நான் ஆர்மோனியத்தில் அப்படித்தான் கற்றேன். ஒரு பக்கம் மனதில் ஏற எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை யாராவது அகக்கண் என்று சொன்னால், அத்தனை நாள் உழைப்பும் காணாமல் போய்விடுகிறது.

அவர் கையில் இருந்தது பன்னிரண்டு தந்திக் கிதார். தந்திகள் ஜோடி ஜோடியாக இருப்பதால் ஒலி கூடுதல். ஒலிபெருக்கி இல்லாத தெருவில், கார் இரைச்சலுக்கு நடுவே பாடிப் பிழைப்பவருக்கு அது கணக்குப் பார்த்து எடுத்த கருவி. கட்டைவிரல் தாழ்ந்த சுருதித் தந்திகளில் ஓடிக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் உயர்ந்த சுருதியில் வேறொன்று பேசும். குரலும் கரகரப்பானதில்லை, லேசாக மூக்கொலி கலந்த, சொல் சொல்லாகக் கேட்கும் குரல். 1928இல் விக்டர் நிறுவனத்துக்குப் பதிவுசெய்த 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்' போதும், இரண்டுக்கும் சாட்சி.

பெயரைப் பாருங்கள். விக்டருக்கு பிளைண்ட் வில்லி மெக்டெல். கொலம்பியாவுக்கு பிளைண்ட் சாமி. ஓகே நிறுவனத்துக்கு ஜார்ஜியா பில். 1932இல் மறுபடியும் விக்டருக்கு ஹாட் ஷாட் வில்லி. 1949இல் அட்லாண்டிக்குக்கு பேரல்ஹவுஸ் சாமி. ஒரே குரலைப் பல நிறுவனங்களுக்கு விற்கத் தெரிந்த தொழிற்கலைஞர் இவர். 1926இல் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட, பார்வையற்ற இன்னொரு ப்ளூஸ் கலைஞரான பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் இசைத்தட்டுகள் நன்றாக விற்றன. அந்தக் காலத்தில் 'பிளைண்ட்' என்பது வியாபாரச் சொல்லும்கூட. மெக்டெல்லின் பெயர்களில் சிலவற்றில் அந்தச் சொல்லே இல்லை. ஆகவே 'குருட்டு வில்லி' என்றோ 'விழியிழந்த வில்லி' என்றோ மொழிபெயர்க்காதீர்கள். மேடைப் பெயரை மேடைப் பெயராகவே விடுங்கள்.

1940 நவம்பரில் நடந்ததை நீங்கள் விரிவாக எழுத வேண்டும் என்பது என் ஆசை. அட்லாண்டாவில் பிக் அண்ட் விசில் என்ற உணவகத்தில் கார் காராகப் போய்ப் பாடிக்கொண்டிருந்த மெக்டெல்லை, நாட்டார் பாடல்களைத் திரட்டிக்கொண்டிருந்த ஜான் லோமாக்ஸின் மனைவி ரூபி பார்க்கிறார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஓட்டல் அறையில் பதிவு நடக்கிறது. கறுப்பினத்தவர் தங்கள் நிலையைக் குறைசொல்லிப் பாடும் பாட்டு உண்டா என்று லோமாக்ஸ் துருவுகிறார். மெக்டெல் மரியாதையாக நழுவுகிறார். இந்தக் காலத்தில் அப்படி இல்லை என்கிறார். ஏன் அசௌகரியமாக நெளிகிறீர்கள் என்று கேட்டதற்கு, நேற்றிரவு கார் விபத்தில் மாட்டிக்கொண்டேன் என்கிறார். நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட ஊர். எதிரே வெள்ளைக்காரர், நடுவில் ஓடும் இயந்திரம். எதை எங்கே சொல்லக்கூடாது என்று குரலிலிருந்தே எடைபோட்டார் அவர் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த ஒலிப்பதிவைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கேட்டவர் கேட்டதை வாசிப்பார்: ரேக்டைம் என்ற துள்ளல் தாள இசை, தேவாலயப் பாட்டு, கதைப்பாட்டு, வெள்ளைக்காரக் கிராமியப் பாட்டு. புகையிலை ஏலப் பருவத்தில் அந்தச் சந்தைகளுக்குப் பயணம் போவார். அட்லாண்டிக் நிறுவனம் 1949இல் பதினைந்து பாட்டு போலப் பதிவுசெய்து, அப்போது வெளியிட்டது ஒரே ஒரு இசைத்தட்டு. மற்றவை வெளிவந்தது 1972இல். 1956இல் இசைத்தட்டுக் கடைக்காரர் எட் ரோட்ஸ் செய்த பதிவுதான் கடைசி. பிறகு ப்ளூஸை விட்டு, தேவாலயத்தில் போதகராக இருந்தார். 1959 ஆகஸ்ட் 19 அன்று மில்லெட்ஜ்வில்லில் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். அதே ஆண்டு வெளியான பழம் ப்ளூஸ் தொகுப்பு ஒன்றில் 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்' மீண்டும் வந்தது. 1971இல் ஆல்மன் பிரதர்ஸ் என்ற ராக் குழுவின் இசைத்தட்டில் அது ஊரறிந்த பாட்டாயிற்று.

அடுத்து அவரைப் பற்றி எழுதுமுன் அந்த 1928 பதிவை இரண்டு முறை கேளுங்கள். இரண்டாம் முறை பாட்டை விட்டுவிட்டுக் கட்டைவிரலை மட்டும் பின்தொடருங்கள். அங்கே என்ன நடக்கிறது என்று தமிழில் எழுதுங்கள். அந்தக் கட்டுரையை நான் ஸ்கிரீன் ரீடரின் வேகத்தைக் குறைத்துவைத்துக் கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்