முதல் சம்பளம் வரும்வரை கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்த மாத முடிவோடு எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தின் பொறுப்பிலிருந்து ஓய்வு பெறுகிறேன். 26 வருடங்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் முன்னறையில், இரண்டு தையல் மெஷினோடு தொடங்கிய வேலை இது. போன கிழமை நடந்த பிரியாவிடையில் என்னைப் பற்றி நிறையப் பேசினார்கள். யாரைப் பற்றிப் பேசியிருக்க வேண்டுமோ அவர்களில் பலர் அந்த மண்டபத்தில் இருக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஆரம்பத்தில், ஒரு பிள்ளைக்குத் தொழில் பழக்கி ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் எங்கள் கடமை முடிந்தது என்றே நினைத்திருந்தேன். முகத்துவாரத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். வெல்டிங் நன்றாகப் பழகினான். கொம்பனித்தெருவில் வேலைக்குச் சேர்த்துவிட்டோம். ஒன்பதாம் நாள் நின்றுவிட்டான். கூப்பிட்டு ஏசினேன், வாயே திறக்கவில்லை. அடுத்த நாள் அவனுடைய அம்மா வந்தார். பஸ்ஸுக்குக் காசில்லாமல் விடிய எழும்பி நடந்தே போயிருக்கிறான். மத்தியானம் சாப்பாடும் இல்லை. சம்பளம் வர இன்னும் மூன்று கிழமை இருந்தது. தம்பி, அன்று உன்னை ஏசியதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது. எங்கள் வேலையையே மாற்றியவன் நீ.

அதற்குப் பிறகுதான் முதல் மாதக் காசு என்று ஒன்றைத் தொடங்கினோம். வேலைக்குப் போகும் எவருக்கும் முதல் சம்பளம் வரைக்கும் பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும். மெஷின் வாங்க உதவி கிடைக்கும், கட்டடத்துக்கும் கிடைக்கும், பஸ் காசுக்குக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். அதைத் தந்தவர்கள் செட்டியார் தெரு நகைக்கடைகளில் வேலை செய்யும் சிலர். மாதாமாதம் சம்பள நாளில் ஓர் உறை வரும், மேலே பெயர் இருக்காது. ஆமர் வீதிச் சாப்பாட்டுக் கடை அக்கா, நீங்கள் கொடுத்த பார்சல்களுக்கு இன்றுவரை எங்களிடம் கணக்குக் கேட்கவில்லை. எங்கள் கணக்கில் அதைக் கடன் என்று எழுதுவதா, நன்கொடை என்று எழுதுவதா என்று நாங்கள் தடுமாறியது உங்களுக்குத் தெரியாது.

பஞ்சிகாவத்தை கராஜ் பாஸ், இதை யாராவது உங்களுக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். மலையகத்திலிருந்து வந்த, சிங்களம் ஒரு சொல்லும் தெரியாத பையன்களை நீங்கள்தான் எடுத்தீர்கள். யுத்த காலம். தெருவில் அடையாள அட்டையைக் காட்டியும் பையன்களைக் கூட்டிக்கொண்டு போன நாட்கள். அந்த நேரங்களில் கை எண்ணெய்யைக்கூடத் துடைக்காமல் பொலிசுக்குப் போய், "மகே கொல்லா", என்னுடைய பையன், என்று சொல்லி அழைத்து வந்திருக்கிறீர்கள். ஸ்பேனர் இலக்கங்களைத் தமிழில் கேட்கப் பழகியது அவர்களுக்காகத்தான்.

தேசிய தொழிற்தகைமை, அதுதான் என்.வி.கியூ., வந்த பிறகு உங்களிடம் பழகிய பையன்கள் ஒவ்வொருவராக நான்காம் மட்டச் சான்றிதழ் எடுத்தார்கள். கற்றுக்கொடுத்த உங்களிடம் ஒன்றும் இல்லை. வகுப்புக்கே போகாமல் வேலையில் பழகியவர்களையும், அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தே மதிப்பிடும் வழி அதில் இருக்கிறது. எத்தனை தடவை சொன்னோம்! வெட்கப்பட்டீர்கள். கடைசியில் ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தீர்கள். மதிப்பீட்டாளர் பக்கத்தில் நிற்க, சட்டையை மாற்றிவிட்டு எஞ்சினைக் கழற்றிப் பூட்டினீர்கள். சான்றிதழ் வந்த அன்று அதை என் கையில் தந்து, திருப்பித் திருப்பி வாசிக்கச் சொன்னீர்கள். இந்த 26 வருடத்தில் நான் அதிகம் சந்தோஷப்பட்ட நாள் அது.

சனிக்கிழமைகளில் சம்பளம் வாங்காமல் சிங்களம் படிப்பித்த டீச்சருக்கு நன்றி. முதல் நாளே "தேருணே நெஹே, ஆயெத் கியன்ன" என்பதைத்தான் சொல்லிக்கொடுப்பார். விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள். கடைகளில் வேலைக்குப் போன எங்கள் பெண் பிள்ளைகளை அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்பாமல் காப்பாற்றியது அந்த ஒரு வசனம்தான்.

ஒரு நிறுவனம் எங்கள் பிள்ளைகள் 11 பேரை எடுத்து, ஊழியர் சேமலாப நிதிக்கென்று சம்பளத்தில் வெட்டிய பணத்தைக் கட்டாமலே விட்டது. தொழில் திணைக்களத்தில் எங்களோடு பொறுமையாக இருந்து முறைப்பாட்டை எழுதித் தந்த அதிகாரிக்கு நன்றி. அப்புறம் ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் சம்பளச் சீட்டு வாசிப்பதையே ஒரு பாடமாக வைத்தோம். சேமலாப நிதிக்கு உன் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம். தையல் பிள்ளையோ சமையல் பிள்ளையோ, இதைச் சொல்லத் தெரியாமல் எவரும் வெளியே போகக்கூடாது.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது தையல் வகுப்பை மூடுவதென்றே முடிவெடுத்திருந்தேன். எங்களுக்கு முன்னறை தந்த ஜம்பட்டா வீதி அன்ரி, அக்கம்பக்கத்து வீடுகளில் தூசி பிடித்துக் கிடந்த கால் மெஷின்களைத் தேடித் தேடி, த்ரீவீலில் ஏற்றி அனுப்பினார். ஆறு மெஷின். வகுப்பு ஒரு நாளும் நிற்கவில்லை. அன்ரி இப்போது இல்லை. மெஷின்கள் இருக்கின்றன.

என்னோடு வேலை செய்தவர்களுக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன். வீட்டாருக்கு எழுத்தில் சொல்ல வராது.

திங்கட்கிழமை புதிதாகப் பொறுப்பேற்க வரும் தங்கச்சிக்கு ஒரு சொல். முதல் மாதக் காசுப் பெட்டி மேசையின் கீழ் லாச்சியில் இருக்கிறது. இந்த மாதம் வேலைக்குப் போகிறவர்கள் நான்கு பேர். அதில் மட்டக்குளிப் பிள்ளைக்கு 155 பஸ்ஸில் வெள்ளவத்தை வரை போக வேண்டும், சப்பாத்தும் இல்லை. அளவை எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் அக்கா