கைப்பேசித் திரையில் நிரல் படிப்போர் படும் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் துறையினர் பலரும் தங்கள் நாளிதழை வாசிப்பதால், எங்கள் அன்றாட வேலையில் உள்ள ஓர் இடரைப் பற்றி எழுதுகிறேன். ஒருவர் எழுதிய நிரலை மூல நிரலோடு சேர்ப்பதற்கு முன் இன்னொருவர் வரிவரியாகப் படித்துக் குறைநிறை சொல்வதை கோட் ரிவ்யூ என்கிறோம். பெரிய திரைக்கென்று உருவான இந்த வேலை இப்போது கைப்பேசியிலும் நடக்கிறது. ஆனால் அதற்கான பக்கங்களை வடிவமைப்பவர்களோ, எவ்வளவு ஸ்க்ரோல் செய்தாலும் நகராமல் ஒட்டிநிற்கும் பட்டைகளை மேலும் கீழும் தாராளமாக அடுக்கிவிடுகிறார்கள்.

360 பிக்சல் அகலமும் 640 பிக்சல் உயரமும் உள்ள சிறிய திரையில், உலாவியின் முகவரிப் பட்டைக்கு 56, தளத்தின் தலைப்புக்கு 56, டேப் வரிசைக்கு 48, கோப்பின் பெயருக்கு 44, அடியில் ஒப்புதல் பொத்தான்களுக்கு 56 என்று ஒதுக்கினால், 260 பிக்சல் போய்விடுகிறது. வரிக்கு 20 பிக்சல் என்று கொண்டால், மிச்சத்தில் தெரிவது 19 வரிகள். நீண்ட வரிகளைப் படிப்பதற்காகக் கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினாலோ ஐந்தே வரிகள்தான். ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதியான ஃபங்ஷன், சிறியதாக இருந்தாலும்கூட அதில் அடங்காது.

என் கருத்தில், ஒட்டிநிற்கும் உரிமை கோப்பின் பெயருக்கு மட்டுமே உண்டு. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒருமுறை, சோதனைக் கோப்புக்கு எழுத வேண்டிய குறிப்பை அதே பெயர் கொண்ட வேறொரு கோப்பில் எழுதிவிட்டு, அந்த நிரலை எழுதிய சக ஊழியரை வீணாகக் குழப்பினேன். இடம் போதாமல் பட்டை, ஃபோல்டர்களையும் கோப்பின் பெயரையும் வரிசையாகச் சொல்லும் பாதையின் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, இரு கோப்புகளுக்கும் பொதுவான தொடக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. வெட்டுவதானால் தொடக்கத்தை வெட்டி, கோப்பின் பெயரையும் அதற்கு முந்தைய ஃபோல்டரையும் விட்டுவைக்க வேண்டும்.

கீழே போகும்போது பட்டையை மறைத்து, மேலே வரும்போது காட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. செய்தி படிப்பதற்கு அது சரி. நிரல் படிப்பவரோ நான்கு வரி கீழே போய் இரண்டு வரி மேலே வந்து ஒப்பிட்டுக்கொண்டே இருப்பவர். அவருக்குப் பட்டை ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்து ஒளிவது எரிச்சலைத்தான் தரும்.

அடுத்த குறிப்புக்குத் தாவும் பொத்தானை அழுத்தினால், அந்த வரி சரியாகப் பட்டையின் அடியில் போய் ஒளிந்துகொள்வதும் அடிக்கடி நடக்கிறது. பட்டையின் உயரத்தை ஸ்க்ரோல் மார்ஜினாக, அதாவது தாவிச் சேரும் வரிக்கு மேலே விட வேண்டிய இடைவெளியாகக் கொடுத்தால் இது தீரும். 2023-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கான அணுகல்தன்மை நெறிமுறையும், விசைப்பலகையால் தேர்வான உறுப்பு இப்படி முழுவதுமாக மறைந்துவிடக் கூடாது என்கிறது. இன்னொரு பழகிப்போன பிழை, அகன்ற வரிகளைப் பக்கவாட்டில் நகர்த்துவதற்காக, கோப்பின் பெயரையும் சேர்த்துச் சூழ்ந்திருக்கும் பெட்டிக்கே, அடங்காததை ஸ்க்ரோல் செய்ய விடும் ஓவர்ஃப்ளோ விதியை இடுவதாகும். ஸ்டிக்கி உறுப்பு, அதாவது இப்படி ஒட்டிநிற்கும் பகுதி, தனக்கு மிக அருகில் உள்ள ஸ்க்ரோல் பெட்டியோடுதான் ஒட்டும் என்பதால், கோப்பின் பெயர் பக்கத்தோடு ஒட்டாமல் மேலே போய்விடும். நிரல் வரிகளை மட்டும் தனிப் பெட்டியில் வைத்து விதியை அங்கே இட்டுவிட்டு, பெயரை அதற்கு வெளியே வைத்தால் போதும்.

ஒப்புதல் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாக் கோப்புகளையும் படித்து முடித்த பிறகுதான் அதற்கு வேலை வருகிறது. ஆகவே அது பக்கத்தின் இறுதியில் இருந்தாலே போதும். கட்டைவிரல் தவறிப் பட்டு, பாதி படித்த நிரலுக்கு ஒப்புதல் போய்விடும் ஆபத்தும் அப்போது குறையும்.

இப்படிக்கு,
மென்பொருள் துறை வாசகர் ஒருவர்