மின் அளவீடு: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் விடுதி, கல்யாண மண்டபம், கடை நடத்தும் நம் உறுப்பினர்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கட்டணத் தொகையை மட்டும் பார்க்காமல், தங்கள் கட்டடத்தில் மின்சாரம் எங்கே, எப்போது செலவாகிறது என்பதையும் அளந்து எழுதிவைக்க வேண்டுகிறோம்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம், ஓராண்டில் செலவான யூனிட்டுகளைக் கட்டடப் பரப்பின் சதுர மீட்டரால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டே வணிகக் கட்டடங்களுக்கு நட்சத்திரத் தரம் அளிக்கிறது. உதாரணமாக, ஆறு பில்களின் கூட்டுத்தொகை 18,000 யூனிட், பரப்பு 5,000 சதுர அடி (ஏறத்தாழ 465 சதுர மீட்டர்) எனில், விடை சுமார் 39. ஜெனரேட்டரில் எடுத்த யூனிட்டுகளையும் கூட்ட வேண்டும். வானம் பார்த்த முற்றத்தைப் பரப்பில் சேர்த்தால் எண் குறைந்து அழகாகத் தெரியும். தயவுசெய்து சேர்க்க வேண்டாம்.

இந்த எண்ணைவிடப் பயனுள்ளது இரவுக் கணக்கு என்பது எங்கள் கருத்து. கதவடைக்கும்போதும் மறுநாள் திறக்கும்போதும் மீட்டரைப் படித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இடைப்பட்ட மணிகளால் வகுத்தால், ஆளில்லாத கட்டடம் மணிக்கு எத்தனை யூனிட் இழுக்கிறது என்பது தெரியும். மண்டபம் வைத்திருப்போருக்கு முகூர்த்தமில்லாத ஆடி மாதமே இதற்கு உகந்தது. எண் அதிகமாக இருந்தால், ஏ.சி.க்கும் தண்ணீர் மோட்டாருக்கும் தனித்தனியே துணை மீட்டர் பொருத்திப் பார்க்கலாம்.

பில் படங்களைப் பகிர்வோர் இணைப்பு எண்ணை மறைத்துவிட்டு அனுப்பவும்.